முடிந்துபோன திரெட்டை அடையாளம் காண உதவி வேண்டும்

வணக்கம். உட்லண்ட்ஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் லினக்ஸ் சர்வரில், கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) ஓடும் ஒரு திரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) கன்டெய்னரின் லாக்கில் எண் 17, ஹோஸ்டில், அதாவது வெளியே உள்ள சர்வரில், 21940. கன்டெய்னருக்குத் தனி பிஐடி நேம்ஸ்பேஸ் (தனி எண் வரிசை) இருப்பதால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் எண் தருகிறது, அது சரி. திரெட் ஓடும்வரை, ஹோஸ்டில் கெர்னல் அதற்காகக் காட்டும் ஸ்டேட்டஸ் கோப்பின் ‘என்எஸ்பிஐடி’ வரியில் இரண்டு எண்ணும் பக்கத்து பக்கத்தில் தெரிகின்றன. முடிந்ததும் கோப்பே போய்விடுகிறது. எங்கள் சர்வரில் எண்களுக்கு உச்சவரம்பு 32768 என்பதால் எண்கள் சீக்கிரமே சுற்றி வந்து வேறு திரெட்டுக்குப் போகின்றன. நேற்று ராத்திரி தவறான திரெட்டைத் துரத்தியே மூன்று மணி நேரம் போனது.

அதே இடத்தில் இருக்கும் ஸ்டாட் கோப்பின் 22ஆவது புலத்தில் உள்ள தொடக்க நேரத்தையும் எண்ணோடு சேர்த்துக் குறித்தால் போதுமா? அல்லது திரெட் முடியும்போதே இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு புரோகிராம் ஓட்டிக் கவனிக்கும் வசதி) வைத்துப் பிடிக்க வேண்டுமா? செய்து பார்த்த அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.