புதுப்பிப்பு: யூரியாவுடன் வேப்பம் புண்ணாக்கு கலந்த வயல்

யூரியா தூவிய பத்தே நாளில் நெற்பயிர் மறுபடி வெளுக்கிறது, என்ன செய்வது என்று சம்பா நடவு முடிந்த சமயம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது கதிர் வந்துவிட்டது.

நான் போட்ட கலவை இது: ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு தூளாக்கிய வேப்பம் புண்ணாக்கு. முந்தைய நாள் இரவே கலந்துவைத்து, காலையில் வயல் நீரை வடித்துவிட்டுத் தூவினேன். ஒரு துண்டு வயலில் மட்டும் வெறும் யூரியா. அந்தத் துண்டுதான் முதலில் வெளிறியது. கலவை போட்ட பகுதி அதன்பிறகும் ஒரு வாரம் பச்சை குறையாமல் நின்றது.

2015 முதல் யூரியாவே வேப்ப எண்ணெய் பூசி வருகிறதே, புண்ணாக்கு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. யூரியா மண்ணில் அம்மோனியமாகிறது; அதை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களை வேம்பு மந்தப்படுத்துகிறது. நைட்ரேட்டானால் நீரோடு கீழே இறங்கிவிடும், அல்லது வாயுவாகிப் போய்விடும். நீரை வேகமாக இழுக்கும் என் மணற்பாங்கான நிலத்துக்குக் கூடுதல் வேம்பு தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். களிமண் வயலுக்கு இதே பலனை நான் உறுதி சொல்ல மாட்டேன்.

இலையின் பச்சையை ஒப்பிட்டு உரத் தேவையை அறியும் இலை வண்ண அட்டையைப் பரிந்துரைத்தவருக்குத் தனி நன்றி. வாரம் ஒருமுறை பத்து நெற்குத்துகளில் பார்த்தேன். என் நெல் ரகமான வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் அளவு 3. அதற்குக் கீழே இறங்கினால்தான் உரம். கடைசி மேலுரத்தைப் பாதியாகக் குறைத்தேன். இலைச்சுருட்டுப் புழுவும் இம்முறை குறைவு.

அறுவடை எடையைக் களத்திலிருந்து எழுதுகிறேன்.