வீட்டிலிருந்து வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள்: இந்தப் படபடப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

கோவைக்காரி:
மெடிக்கல் கோடிங் வேலை (நோயாளிகளின் சார்ட்டைப் படித்து நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுவது), வீட்டிலிருந்தேதான். பெரியவனுக்கு நாலு வயது, பாப்பாவுக்குப் பத்து மாதம். வீட்டுக்காரர் காலையில் திருப்பூர் போனால் திரும்ப இரவு ஒன்பதாகும். நியூயார்க் டீமோடு தினமும் மீட்டிங். குளிர்காலத்தில் இரவு ஏழரைக்கு வரும், பாப்பா தூங்கியிருப்பாள். மார்ச்சில் அவர்கள் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் அது ஆறரை ஆகிவிட்டது. ஆறரைக்குத்தான் எங்கள் வீட்டில் சோறு ஊட்டுவதும் சிணுங்கலும்.

வேலை கஷ்டமே இல்லைங்க. சார்ட்டைத் திறந்தால் கை தானாக ஓடும். எனக்கு மோசமான நேரம் பாப்பா தூங்கும் நேரம்தான். எப்போது எழுந்துவிடுவாளோ என்று காது அங்கேயே கிடக்கும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அவள் அழத் தொடங்கிவிட்டால் சரியாகிவிடுகிறது, தூக்கிக்கொள்ளலாமே! வேறு யாருக்காவது இப்படி உண்டா? "பிள்ளைகளோடு வீட்டிலேயே இருக்கிறாய், கொடுத்து வைத்தவள்" என்பவர்கள் தயவுசெய்து பதில் போட வேண்டாம்.

நெல்லை அக்கா:
உண்டும்மா. கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார் என்பார்கள், கதவா காதை அடைக்கும்? பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே இருந்தால்தான் எனக்கு அடங்கும். பக்கத்துத் தெருவில் காலேஜ் படிக்கும் பொண்ணு சாயங்காலம் வந்து இரண்டையும் கோயில் பக்கம் கூட்டிப் போகிறாள். மாதாமாதம் கையில் கொஞ்சம் கொடுக்கிறேன். மாமியாருக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது அவரும் கூடவே கிளம்பிவிடுகிறார்.

இரவு ஷிப்ட் அப்பா:
மீட்டிங் அழைப்பு அமெரிக்க நேரத்தில் போட்டிருப்பதால்தான் நகர்கிறது. இந்திய நேரத்தில் போடச் சொல்லுங்கள். வருடம் முழுக்க ஏழரை, அவர்களுக்குக் கோடையில் காலை பத்து மணி, அவ்வளவுதான். எங்கள் டீமில் கேட்டதும் மாற்றிவிட்டார்கள். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வரை நீங்கள் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

நர்ஸம்மா:
பத்து மாதம் என்பதால் சொல்கிறேன். பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு தாறுமாறாகும், படபடப்பும் வியர்வையும் அதிலும் வரும். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் மனப்பதற்றத்துக்கென்றே டாக்டரைப் பாருங்கள். பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, பால் கொடுப்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். ராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், சாயங்காலக் காபியை விடுங்கள். குடித்து ஐந்து மணி நேரமானாலும் அதிலுள்ள காஃபினில் பாதி உடம்பிலேயே நிற்கும்.

கோவைக்காரி:
காபியா! அது ஒன்றுதான் எனக்கென்று இருப்பது. சரி, காலையோடு நிறுத்திப் பார்க்கிறேன். டீம் லீடுக்கு இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன். நர்ஸம்மா, அந்த டெஸ்ட் வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?

நர்ஸம்மா:
வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போகலாம்.