அனுபவம் இல்லாமல் வேலை கேட்டு வந்தவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

அவிநாசி ரோட்டுக்காரன் (திருப்பூர்)

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை பின்தொடர்ந்து பார்ப்பதுதான் அந்த வேலை. ஏப்ரல், மே வந்தால் கல்லூரி முடித்த பிள்ளைகளின் பயோடேட்டா குவிந்துவிடும். எல்லாவற்றிலும் 'கடின உழைப்பாளி, எல்லோருடனும் ஒத்துப்போவேன்' என்று ஒரே பாட்டு. அதை வைத்து ஆள் எடுக்க முடியாது. அப்புறம் எதை வைத்து எடுக்கிறோம்? நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

தாராபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பி.காம் முடித்த பெண் ஒருவர் வந்திருந்தார். வீட்டில் விவசாயம். துணி பற்றி எதுவும் தெரியாது. "ஜிஎஸ்எம்னா என்னம்மா?" என்று கேட்டேன். இந்த இடத்தில் பலர் செல்போனில் படித்ததை அரைகுறையாக ஒப்பிப்பார்கள். அவர், "தெரியாதுங்க சார். சொன்னீங்கன்னா எழுதிக்கிறேன்" என்று நோட்டை எடுத்தார்.

சரி என்று மேஜையில் இருந்த வட்டக் கட்டரில் ஒரு துண்டு வெட்டித் தராசில் போட்டேன். 1.8 கிராம். கட்டர் வெட்டுவது 100 சதுர சென்டிமீட்டர், ஆகவே நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, 180 என்று சொன்னேன். எழுதிக்கொண்டவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "துவைச்சா பனியன் துணி சுருங்குமேங்க, அப்போ இந்தக் கணக்கு மாறாதுங்களா?" என்றார்.

மாறும். சுருங்கினால் அதே நூல் குறைந்த இடத்துக்குள் வந்துவிடும், ஜிஎஸ்எம் ஏறும். துவைப்பதற்கு முன்னால் உள்ள எடையா, பின்னால் உள்ள எடையா என்று பையரோடு நடந்த சண்டைகள் இந்தத் தொழிலில் கொஞ்சமல்ல. இரண்டு வருட அனுபவம் என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்றைக்கே வரச் சொல்லிவிட்டேன்.

'தெரியாது' என்று சொல்வதை மட்டும் நான் மெச்சவில்லை. அது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியது. அதற்கு அடுத்து என்ன வருகிறது என்றுதான் பார்க்கிறேன். எங்கள் வேலையில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று ஒரு ஆர்டர் பல கை மாறும். பாதி ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வெளியே கொடுத்துச் செய்வது. டையிங்கில் கேட்காமலேயே "நாளைக்குத் துணி வந்துடுங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்பவரை வைத்துக்கொண்டால், தூத்துக்குடிக் கப்பலில் போக வேண்டிய சரக்கு கடைசியில் விமானத்தில் போகும். அந்தச் செலவில் லாபமே கரைந்துவிடும்.

பட்டறை மாமா (கோவை, கணபதி)

நம்ம பக்கம் இன்டர்வியூ என்று உட்கார வைத்துப் பேசுவதில்லை. ஒரு ஷாஃப்டையும், அதன் விட்டத்தை அளக்கும் வெர்னியர் கருவியையும் கையில் கொடுத்து "அளந்து சொல்லு கண்ணு" என்போம். ஒரு தடவை ஐடிஐயில் டர்னர் முடித்த பையன் ஒருவன் வந்தான். வெர்னியரின் தாடையை முதலில் வேட்டியில், மன்னிக்கவும், கைக்குட்டையில் துடைத்தான் (வேட்டியில் துடைப்பது நான்). மூடிப் பார்த்தான். "இதுல ஜீரோ எரர் இருக்குதுங்க, கழிச்சுச் சொல்லட்டுங்களா?" என்றான். மூடினால் சுழியம் காட்ட வேண்டியது வேறு அளவு காட்டுகிறது என்று அர்த்தம். அந்த வெர்னியர் பழசு, அதில் கோளாறு இருப்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கொடுக்கிறேன். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் கடகடவென்று அளவைச் சொன்னார்கள், எல்லாம் தப்பு.

சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) ஓட்டுவாயா என்றதற்கு, "பார்த்திருக்கேனுங்க, ஓட்டினதில்லை" என்றான். அது போதும். பம்ப் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தில் நூறில் ஓரிரு பங்கு மில்லிமீட்டர் கூடக் குறைய ஆனாலே தொந்தரவு. மெஷினை நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். கருவியையே சந்தேகப்படுகிற குணத்தைச் சொல்லிக்கொடுக்க வருஷக்கணக்காகும்.

லாரி ஆபீஸ் (சங்ககிரி)

எங்களுக்கு நிதானம்தான் முக்கியம். ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவர் கூப்பிட்டு, வண்டி பிரேக்டவுன், இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) கெடு முடியப்போகிறது என்று கத்துவார். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னால் தொடங்கி, முடிந்த பிறகு 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம் என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். திருப்பிக் கத்தாமல் "அண்ணா, வண்டி இப்ப எங்க நிக்குதுங்க?" என்று கேட்பது எல்லோருக்கும் வருவதில்லை.

மஞ்சள் மண்டி அம்மிணி (ஈரோடு)

நான் வேலை கேட்டுப் போன பக்கத்து ஆள். கணக்கு எழுதப் போனேன். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டேலி படித்திருந்தேன், மஞ்சளில் விரலி எது கிழங்கு எது என்று தெரியாது. மண்டிக்காரர் டேலி பற்றிக் கேட்கவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, முன்னால் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். யார் யார் வருவார்கள், என்ன பத்திரம் அடிப்பார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். "அதெல்லாம் அவங்க விஷயமுங்க, நான் சொல்றது சரியா இருக்காது" என்றேன். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே போன்.

சேர்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஏலத்தில் வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்துவிட்டு விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். நம்ம மண்டி ஆள் குவிண்டாலுக்கு என்ன எழுதப் போகிறார் என்பது முன்கூட்டி வெளியே போனால் தீர்ந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற குணத்தை எந்த பயோடேட்டாவில் எழுதுவது, சொல்லுங்கள்!

கோபி தம்பி (கோபிசெட்டிபாளையம்)

எல்லாம் நல்லா இருக்குதுங்க. ஆனால் நீங்கள் சொல்கிற குணத்தைக் காட்ட முதலில் உள்ளே கூப்பிட வேண்டுமே? நான் போன இடத்தில் எல்லாம் "யாரு சொல்லி வந்தே?" என்பதுதான் முதல் கேள்வி. சிபாரிசு இல்லையென்றால் வாசல் கேட்டோடு சரி. உள்ளே விட்ட ஓர் இடத்தில், "பொறுமையா இரு, தொழில் கத்துக்க" என்று மாதக்கணக்கில் பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள். பொறுமை நல்ல குணம்தான், முதலாளிக்கு.

எதற்கெடுத்தாலும் ஜி.டி.நாயுடு ஹோட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து, மோட்டார் சைக்கிள் வாங்கிப் பிரித்துப் பார்த்த கதையைச் சொல்கிறார்கள். 1920-இல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டபோது யாரும் அவரிடம் 'முன் அனுபவம் இரண்டு வருடம்' என்று போர்டு வைக்கவில்லை.

அவிநாசி ரோட்டுக்காரன்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிபாரிசில் வந்தவர்களை நானும் எடுத்திருக்கிறேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் திருப்பூரில் 'ஆட்கள் தேவை' என்று கேட்டில் போர்டு தொங்கும் இடங்களில் நேராகவே போகலாம். செக்கிங், பேக்கிங்கில் சேர்ந்து மெர்ச்சண்டைசர் ஆனவர்கள் உண்டு. கூச்சப்படாமல் இரண்டு விஷயம் கேளுங்கள்: வேலையை யார் சொல்லிக்கொடுப்பார்கள், சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும். இதைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கு வேண்டாம்.

பட்டறை மாமா

கண்ணு, சும்மா 'ட்ரெய்னி' என்று சேராதே. 1961-ஆம் வருடத்துச் சட்டப்படி அப்ரண்டிஸ் என்று எடுத்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகிறதா என்று முதல் நாளே கேள். பதிவு இருந்தால்தான் பின்னால் சான்றிதழ் கிடைக்கும், அடுத்த இடத்தில் அனுபவம் என்று காட்டலாம். ஐடிஐயில் என்ன டிரேடு படித்தாய்? இங்கேயே எழுது.