வெப்கேமில் 970 நானோமீட்டரா? அளந்து விடாதீங்க

நிறமாலையன்:
"வெப்கேம்ல அகச்சிவப்பைத் தடுக்குற ஐஆர் ஃபில்டரைக் கழற்றினா போதும், 970 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில ஆப்பிளோட உள்கன்றல் (தோலுக்கு அடியில அடிபட்ட இடம்) பளிச்னு தெரியும், நூத்துக்கு நூறு சரியா பிடிக்குது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வெப்கேம்ல இருக்கிற சிலிக்கான் சென்சார் 1100 நானோமீட்டருக்கு மேல குருடு. 900 தாண்டினாலே உணர்திறன் சரியும். 970ல வர்ற கொஞ்சநஞ்ச சிக்னலும் இரைச்சல்ல மூழ்கிடும்.

பிக்சல்பித்தன்:
அந்த 'ஒருத்தர்' நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 970 எல்இடி வைங்க, ஆட்டோ எக்ஸ்போஷரை அணைங்க, ஷட்டரை நீட்டுங்க, 16 படத்தைச் சராசரி எடுங்க. இரைச்சல் நாலில் ஒரு பங்காயிடும். பழம் எங்கேயும் ஓடிடாது.

நிறமாலையன்:
கன்வேயர்ல ஓடும் சார். நீங்க 16 படம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அது பெட்டிக்குள்ள போயிருக்கும். 970ல பழத்துல இருக்கிற தண்ணி ஒளியை விழுங்குற நீர் உறிஞ்சலைத்தான் பார்க்கணும்னா இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் வாங்குங்க. 900லேர்ந்து 1700 வரை பார்க்கும், 1450ல உறிஞ்சல் 970ஐ விடப் பல மடங்கு.

கதிர்மணி:
ரெண்டு பேரும் ஏன் 970ஐயே பிடிச்சுத் தொங்குறீங்க? அடிபட்ட இடத்துல செல் உடைஞ்சு, காத்து இருந்த இடைவெளியில சாறு நிரம்புது. ஒளிச்சிதறல் குறையுது, வெளிச்சம் திரும்பி வராது, இருட்டாத் தெரியுது. 850லயே பார்க்கலாம்.

நிறமாலையன்:
850ல காம்புக்குழியும் இருட்டுதான். அதையும் அழுகல்னு கழிச்சுடுவீங்களா? அதுக்குத்தான் ரெண்டு அலைநீளத்துல எடுத்த படங்களோட விகிதம்; குழியோட நிழல் ரெண்டுலயும் ஒண்ணாத்தான் விழும், வகுத்தா போயிடும். ரெண்டாவது எது? 970.

பிக்சல்பித்தன்:
ஆக 970 வேணும்னு நீங்களே சொல்லியாச்சு. நன்றி.

நிறமாலையன்:
வேணும்னுதான் சொன்னேன், வெப்கேம்ல வரும்னு சொல்லல. தக்காளி விவாதத்துலயும் இப்படித்தான் பாதி வாக்கியத்தை வெட்டி எடுத்தீங்க. வெளிச்சத்தை ஒப்பிட நீங்க வைக்கிற வெள்ளை ரெஃபரன்ஸ் ஏ4 தாளாமே? ஒத்தைத் தாளை அகச்சிவப்பு ஊடுருவும், அடியில இருக்கிற மேசையும் சேர்ந்து பதிவாகும். தடிமனான டெஃப்லான் பலகை வைங்க. ஒவ்வொரு எல்இடிக்கும் தனி வெள்ளைப் படம், லென்ஸை மூடி ஒரு இருட்டுப் படம். அப்புறம் (படம் − இருட்டு) ÷ (வெள்ளை − இருட்டு). கன்றலைக் கண்டுபிடிக்கிற நிரலுக்கு ஒரே பழத்தோட படங்களைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிச்சுப் போட்டா நூத்துக்கு நூறு வராம என்ன செய்யும்? பழவாரியாப் பிரிங்க.

ஓரமாஒருத்தன்:
தோல் மினுமினுப்புக்குப் போலரைசர் ஃபிலிம் ஒட்டலாமா?

கதிர்மணி:
சாதா ஃபிலிம் 850ல எதையும் தடுக்காது, நுண்கம்பி வகை வேணும். அதுக்குப் பதிலா வெள்ளைக் குவிமாடத்துக்குள்ள எல்இடியைத் திருப்பி வைங்க.

பிக்சல்பித்தன்:
தாள் ஒத்தையில்ல, ஒரு கட்டு. படிக்காமலே பாடம் நடத்துறதுதான் இங்க சிலருக்கு வேலை. 970ல வேறுபாடு தெரியுது, படம் போட்டிருக்கேன்.

நிறமாலையன்:
ஜேபெக்ல காமா ஏறியிருக்கும், அதாவது பிக்சல் எண் உண்மையான வெளிச்சத்துக்கு நேர் விகிதத்துல இருக்காது. அதுல எடுத்த விகிதத்துக்கு அர்த்தமே இல்ல. சென்சார் பதிஞ்சதை மாத்தாம வெச்சிருக்கிற ரா ஃபைலைப் போடுங்க.

பிக்சல்பித்தன்:
பெரும்பாலான வெப்கேம் ரா தராதுன்னு தெரிஞ்சுதானே கேக்கறீங்க?

நிறமாலையன்:
தெரிஞ்சுதான்.