சிரமதானத்தால் இனப்பேச்சு குறையுமா?

கொட்டாஞ்சேனைவாசி: எங்கள் ஒழுங்கையில் சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைச் சேர்த்து டெங்கு சிரமதானம் (நுளம்பு பெருகாமல் எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) செய்கிறோம். வேலை நன்றாக நடக்கிறது, ஆனால் பிளேன்டீ நேரத்தில் பார்த்தால் மூன்று கும்பல், "அவங்கள் அப்படித்தான்" என்ற அதே பேச்சு. என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை அக்கா: தமிழ் மீடியம், சிங்கள மீடியம் என்று பிரிந்து படிக்கிற பிள்ளைகள் வேறெங்கே பழகுவது தம்பி? மலையகத் தோட்டத் தமிழரை நம்மாட்களே இளக்காரமாகப் பேசுவதில்லையா? 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிய கதையையும் சொல்லிக்கொடுங்கள்.

மட்டக்குளியான்: பாடம் எடுத்தால் ஓடிவிடுவார்கள். பூச்சட்டித் தண்ணீர் கொட்டவே ஆளைக் கலந்து விடுங்கள். 2016 வெள்ளத்தில் கொலன்னாவையில் பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் சமைத்துக் கொடுத்தன, அப்புறமும் 2018இல் கண்டிப் பக்கம் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் நடந்தது. ஒருநாள் உதவியெல்லாம் காணாது.

கொட்டாஞ்சேனைவாசி: சரி, மாதாமாதம் வைத்துப் பார்க்கிறேன்.