மூன்று ஞாயிறு போயும் கடைசி டப்பா கிடைக்கவில்லை. டிஎன்எஃப் ('தேடினேன், கிடைக்கவில்லை' என்ற பதிவு) போடலாமா? (ஷோன்புக் காடு, ஸ்டுட்கார்ட் பக்கம், ஜெர்மனி)

மதி_அம்மா

வணக்கம். நவம்பரில்தான் ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை, அதாவது 'கேச்'சை, ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு) தொடங்கினேன். வார இறுதியில் எட்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இதுவரை 43 டப்பா எடுத்திருக்கிறோம். எல்லாமே ஊருக்குள் பாலத்துக்கு அடியிலும் பெஞ்சுக்குப் பின்னாலும் இருந்த சின்ன கேச்கள். முதல் முறையாகக் காட்டுக்குள் ஒரு மல்டி கேச்சுக்குப் போனோம். நான்கு தகவல் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் எடுத்துக் கூட்டிக் கழித்தால் கடைசி டப்பாவின் இடம் வரும். கணக்கு மகளுடையது. கேச் பக்கத்தில் இருக்கும் விடை சரிபார்ப்பில் போட்டுப் பார்த்தோம், பச்சை வந்தது.

அப்புறம்தான் சிக்கல். மூன்று ஞாயிறு அதே இடத்துக்குப் போய்விட்டோம். ஓடைக்கு மேலே சரிவு, முழங்கால் வரை பீச் மரச் சருகு. பாதை என்று எதுவும் கிடையாது. குறிப்பைத் திருப்பிப் படித்தால் 'பாதையோரம், வேர்களுக்கு நடுவில்' என்று வருகிறது. தரை எவ்வளவு கடினம் என்பதற்கு 5க்கு 1.5 தான் போட்டிருக்கிறார்கள், நாங்களோ மண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். போன வாரம்கூட இரண்டு பேர் 'கிடைத்தது' என்று லாக் எழுதியிருக்கிறார்கள். போன் அம்பு நின்ற இடத்திலேயே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுகிறது. ஐந்தாறு மரத்தடியில் குச்சியால் தோண்டியும் பார்த்தாகிவிட்டது.

சந்தேகங்கள்: டிஎன்எஃப் போட்டால் டப்பா வைத்தவர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'ஒரு ஃபிலிம் டப்பாவை வைத்துவிட்டு கிடைத்ததாக லாக் போடுங்கள், வைத்தவருக்கும் உதவிதானே' என்கிறார். அது சரியா? இன்னொன்று, நாய் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் 'என்ன தேடுகிறீர்கள்' என்று கேட்டதும் வாய் அடைத்துப்போய் திரும்பி வந்துவிட்டேன். இதற்கெல்லாம் என்ன சொல்வது?

பீச்மரம்

அக்கா, முதலில் ஒன்று. நீங்கள் கேச்சின் பெயரையும் கடைசி இடத்தின் முழு எண்ணையும் இங்கே போட்டிருந்தீர்கள், அதைத் திருத்தி எடுத்துவிட்டதற்கு நன்றி. பலகை பலகையாக நடந்து கண்டுபிடிக்க வேண்டியதைப் பொதுவில் போட்டால், வைத்தவரின் ஒரு மாத உழைப்பு போய்விடும். கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் போதும்.

தோண்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நிறுத்தியது. அடுத்த நாளே, மே 3 அன்று, அமெரிக்காவின் ஓரிகனில் டேவ் அல்மர் வைத்த உலகின் முதல் கேச், ஒரு வாளி, பாதி மண்ணுக்குள்தான் இருந்தது. ஆனால் இன்று நிலத்துக்காரர் வெளிப்படையாக அனுமதி தராத வரை புதைத்து வைக்கக்கூடாது என்பது விதி. எனவே நீங்கள் தோண்டி எடுக்க வேண்டிய டப்பா அங்கே இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேர் கிளறப்பட்ட மரத்தை வனத்துறை பார்த்தால் முதல் பழி நம் எல்லோர் மீதும் விழும், அப்புறம் காட்டிலிருந்து கேச்சை எடுக்கச் சொல்வார்கள்.

வடதிசை

மதிக்கா, எனக்கு ஒரு சந்தேகம். முந்தைய பலகைகளுக்கு கேச் ஆப்பே வழி காட்டியிருக்கும். கடைசி இடத்தை மட்டும் நீங்கள் கையால் தட்டினீர்களா? எந்த ஆப்பில்? எந்த வடிவத்தில்?

மதி_அம்மா

காட்டில் சிக்னல் வராது என்று நெட் இல்லாமல் வேலை செய்யும் மலையேற்ற வரைபட ஆப் ஒன்றை வைத்திருக்கிறேன், அதில்தான் போட்டேன். பாகை, நிமிடம், நொடி என்று மூன்று கட்டம் இருந்தது. வடக்கில் கடைசி மூன்று இலக்கம் 412, கிழக்கில் 268. நொடிக் கட்டத்தில் 41.2, 26.8 என்று போட்டேன்.

வடதிசை

அதேதான்! உங்கள் டப்பா இருக்கிறது. நீங்கள்தான் அரை கிலோமீட்டர் தள்ளித் தேடியிருக்கிறீர்கள்.

கேச் பக்கத்தில் வரும் எண் பாகையும் தசம நிமிடமும். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 412 என்பது நொடி அல்ல, ஒரு நிமிடத்தில் ஆயிரத்தில் 412 பங்கு. 60 ஆல் பெருக்கினால் 24.72 நொடி. நீங்கள் 41.2 போட்டீர்கள், வித்தியாசம் 16.48 நொடி. வடக்குத் தெற்கில் ஒரு நொடி கிட்டத்தட்ட 31 மீட்டர். ஆக 510 மீட்டர் வடக்கே போய்விட்டீர்கள். கிழக்கில் 268 என்றால் 16.08 நொடி, நீங்கள் போட்டது 26.8. அந்த அட்சரேகையில் கிழக்கு மேற்கு நொடி 20 மீட்டருக்குச் சற்று மேல்தான், அதனால் 220 மீட்டர் கிழக்கே. இரண்டும் சேர்ந்தால் நேர்க்கோட்டில் சுமார் 550 மீட்டர், வடகிழக்காக.

பாவம், இரண்டு எண்ணும் 600க்குக் கீழே இருந்துவிட்டது. 734 போல ஏதாவது வந்திருந்தால் 73.4 நொடி என்று ஆப்பே ஒப்புக்கொண்டிருக்காது, வீட்டிலேயே பிடித்திருப்பீர்கள். மகளின் கணக்கில் தப்பே இல்லை, அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆப் அமைப்பில் தசம நிமிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேச் ஆப்பிலேயே அந்தக் கேச்சின் இடத்தைத் திருத்திச் சேமியுங்கள்.

அம்பு ஆடியது தனிக் கதை. அடர்ந்த மரத்துக்கு அடியிலும் சரிவிலும் சிக்னல் அப்படித்தான் வரும், பத்துப் பதினைந்து மீட்டர் பிசகும். நின்றுகொண்டு அம்பைப் பார்க்காதீர்கள். முப்பது மீட்டர் பின்னால் போய், வேறு திசையிலிருந்து நடந்தபடி வாருங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று தெரியும். கடைசிப் பத்து மீட்டருக்குப் போனைப் பையில் போட்டுவிட்டு, 'நான் வைத்திருந்தால் எங்கே வைத்திருப்பேன்' என்று பாருங்கள். சாய்த்து அடுக்கிய பட்டைத் துண்டு, நான்கு குச்சி ஒரே பக்கமாகக் கிடப்பது, இப்படி இயற்கையில் வராத ஏதாவது கண்ணில் படும்.

டப்பாக்காரி

நான் 11 டப்பா வைத்துப் பராமரிக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். டிஎன்எஃப் போடுங்கள், தயங்கவே வேண்டாம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு என் டப்பா பற்றித் தெரிய வேறு வழி கிடையாது. போன வருடம் ஒரு டப்பா மழை வெள்ளத்தில் போய்விட்டது. தேடியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு ஒன்றும் எழுதாமல் போயிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் எழுதிய பிறகுதான் போய்ப் பார்த்தேன். அதுவரை எத்தனை குடும்பம் குழந்தைகளோடு சும்மா வந்து திரும்பியதோ, நினைத்தாலே மனசு கேட்கவில்லை. 'கிடைக்கவில்லை' என்று மட்டும் போடாமல் எங்கே தேடினீர்கள், எவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

ஃபிலிம் டப்பா யோசனை வேண்டவே வேண்டாம். உங்கள் விஷயத்திலேயே பாருங்கள், உண்மையான டப்பா அதன் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் 550 மீட்டர் தள்ளி யாரும் கேட்காத ஒரு பிளாஸ்டிக்கைக் காட்டில் போட்டிருப்பீர்கள். வைத்தவரிடம் கேட்டு, அவர் 'சரி, மாற்றி வையுங்கள்' என்று சொன்னால் அது வேறு.

பெரியவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 'குழந்தையோடு ஜியோகேச்சிங் வந்தோம்' என்றால் ஜெர்மனியில் பலருக்குத் தெரியும். ஒளித்தால்தான் சந்தேகம் வரும். டப்பாவை மட்டும் அவர் கண்முன்னே எடுக்காதீர்கள், போன பிறகு எடுங்கள்.

பீச்மரம்

நேரம் பார்த்துப் போங்கள். பொழுது சாய்வதற்குள் காட்டை விட்டு வந்துவிட வேண்டும், அது மான்கள் மேயும் நேரம், வேட்டைக்காரர்களும் வருவார்கள். மர ஏணி வைத்த வேட்டை மேடைகளில் குழந்தையை ஏற விடாதீர்கள். சருகுக்குள் முழங்கால் வரை நின்றிருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். நம் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம். அந்த ஊசி போட்டாலும் உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பொரிலியா தொற்றுக்கு அது காப்பு ஆகாது, எனவே உண்ணியைத் தேடுவதை நிறுத்த முடியாது.

மதி_அம்மா

கிடைத்துவிட்டது!!! இன்று காலை. வாகனம் நிறுத்திய இடத்திலிருந்து இருபது நிமிட நடை, நல்ல அகலப் பாதை, தள்ளுவண்டிகூடப் போகும். பாதையிலிருந்து நான்கு எட்டில் ஒரு பழைய பீச் மரம், அதன் இரண்டு வேருக்கு நடுவே பட்டைத் துண்டு சாய்த்து வைத்திருந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். பச்சை நிற டிஃபன் டப்பா, நான்கு பக்கமும் கிளிப். அவள் கை நடுங்கியது, நான்காவது கிளிப்பை நான்தான் திறந்தேன். வடதிசை அண்ணா சொன்னதை அவளிடம் சொன்னதும் 'நான் கணக்கைச் சரியாத்தான் போட்டேன்' என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். முந்தைய மூன்று ஞாயிறுக்கும் சேர்த்து ஒரு டிஎன்எஃப் எழுதி, நான் எங்கே தவறினேன் என்றும் எழுதிவிட்டேன். கிளறிய மரத்தடிகளுக்கும் போய் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தோம்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். லாக் புத்தகத்தில் கீழ்ப்பாதி நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே ஓர் ஓரத்தில் பெயர் எழுதினோம். இதற்கு என்ன செய்வது? அப்புறம், ஜனவரியில் வேறொரு டப்பாவில் மகள் ஒரு ரப்பர் பந்தை வைத்துவிட்டு ஒரு சின்னக் கரடி பொம்மையை எடுத்தாள். அதில் எண் பொறித்த உலோகத் தகடு தொங்குகிறது என்பதை இன்றுதான் கவனித்தேன்.

டப்பாக்காரி

வாழ்த்துகள் குட்டிக்கு!

கரடி பரிமாற்றப் பொருள் அல்ல, அது டப்பா விட்டு டப்பா போகும் பயணி (ட்ராவல் பக்). அதன் சொந்தக்காரர் எங்கோ உட்கார்ந்து அது எந்த ஊர் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். தகட்டில் உள்ள எண்ணைத் தளத்தில் போட்டு 'என்னிடம் இருக்கிறது' என்று பதியுங்கள், தாமதத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், கோபப்பட மாட்டார்கள். அதற்கு ஏதாவது இலக்கு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். மகள் அதோடு படம் எடுத்துப் போடலாம், ஆனால் தகட்டு எண் படத்தில் தெரியக்கூடாது. தெரிந்தால் கரடியைக் கண்ணால் பார்க்காதவர்களும் பதிவு போட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு அது உள்ளே அழுந்தாமல் அடங்கும் அளவுள்ள டப்பாவில் விட்டுவிடுங்கள்.

நனைந்த புத்தகத்துக்கு, உங்கள் லாக்கோடு 'உரிமையாளர் கவனிக்கவும்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தில் மணலோ சருகுத் துணுக்கோ இருந்ததா? பெரும்பாலும் அதுதான் தண்ணீரை உள்ளே விடும்.

மதி_அம்மா

ஆமாம், ஒரு சருகுக் காம்பு வளையத்தில் சிக்கியிருந்தது. துடைத்துவிட்டுத்தான் மூடினோம், நான்கு கிளிப்பும் 'டக்' என்று விழுந்தது. அதையும் லாக்கில் சேர்த்துவிடுகிறேன்.