செவ்வாய்க்கிழமை அடைத்த டீக் கணக்கு

"சாகத் துணிஞ்சவனுக்கு வாழத் துணிச்சல் இல்லையா" என்று சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் தற்கொலையைப் பற்றி இந்தக் குழுவில் எல்லோரும் மனதில் இருப்பதை எழுதுவதால் நானும் எழுதுகிறேன். 2011-இல் நான் அந்த விளிம்பில் நின்றிருக்கிறேன். அங்கே துணிச்சலையும் பார்க்கவில்லை, கோழைத்தனத்தையும் பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது ஒரு கணக்கு. அதுவும் தப்புக் கணக்கு.

சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஜனவரியில் நொய்யல் கழிவுநீர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது, 700-க்கும் மேல். (தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, அந்த ஆற்றைப் பார்த்தவன்தான் நானும்.) வேலை போனது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இரண்டு லட்சம், அதில் பாதி வார வட்டி. தவணை தவறினால் போன் வரும். போனை எடுக்காவிட்டால் ஊரில் அம்மா வீட்டு வாசலில் பைக் வந்து நிற்கும்.

கணக்கு எழுதுகிறவன் புத்தி எங்கே போகும்? தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ராத்திரி ராத்திரியாக வரவு செலவு போட ஆரம்பித்தேன். முதல் வாரம் வரவில் நாலைந்து வழி இருந்தது. ஈரோட்டில் வேலை தேடுவது, மாமாவிடம் கேட்பது, ஊரில் கிடக்கிற முப்பது சென்ட் நிலத்தை விற்பது, இப்படி. தினமும் ஒன்றை அடிப்பேன். மாமா தர மாட்டார், அடி. நிலத்தில் பங்காளிச் சண்டை, அடி. யாரையும் கேட்டுப் பார்க்காமலேயே அடித்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. தூக்கம் ஒரு மணி, ரெண்டு மணி நேரம்தான். மூன்றாவது வாரம் என் பெயரையே செலவுப் பக்கத்தில் எழுதினேன். நான் சாப்பிடுவது, ரூம் வாடகை, என்னால் அம்மாவுக்கு வருகிற அவமானம், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு மிச்சம் என்று வந்தது. அதை எழுதும்போது அழுகை வரவில்லை. கூட்டல் சரியாக வந்த ஒரு திருப்தி இருந்தது பாருங்கள், இன்றைக்கும் எனக்குப் பயம் தருவது அதுதான்.

"பெத்தவளை ஒரு நிமிஷம் நினைச்சானா பாவி" என்பார்கள். அவளைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை, அதுதானே பிரச்சனை. ரொம்ப நாள் கழித்து, அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மேன் சொன்னதைப் படித்தேன். தாங்க முடியாத மனவலியில் பார்வை சுருங்கிப் போகிறது, ஒன்று எல்லாம் சரியாக வேண்டும் இல்லையென்றால் முடிய வேண்டும் என்று இரண்டே வழி தெரியும், நடுவில் இருக்கிற இருபது வழி தெரியாது என்கிறார். தாமஸ் ஜாய்னர் என்று இன்னொருவர், தன் அப்பாவையே தற்கொலையில் இழந்தவர், 'நான் மற்றவர்களுக்குப் பாரம்' என்கிற எண்ணத்தை முக்கியக் காரணமாக வைக்கிறார். படித்தபோது என் காலண்டர் தாளை யாரோ எடுத்துப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முடிவு பண்ணியதும் மனசு லேசாகிவிட்டது. ரூமில் இருந்த தம்பி, "அண்ணே, இப்பதான் முகம் தெளிஞ்சிருக்கு" என்றான். என் சைக்கிளை அவனிடமே கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டான், அவனுக்கு என்ன தெரியும். அப்புறம் டீக்கடையில் என் பாக்கியை அடைக்கப் போனேன். 340 ரூபாய்.

திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், அங்கே சம்பளம் சனிக்கிழமை, கடைப் பாக்கி அடைப்பதும் சனிக்கிழமை. நான் போனது செவ்வாய்க்கிழமை. வேலை போய் மூன்று வாரம் ஆனவன் வேறு. கடைக்காரர் பணத்தை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, ஊருக்குப் போறியா?" என்றார். இல்லைங்கண்ணே என்றேன். "வேற வேலை கெடச்சுதா?" இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைக்கூடத் தாழ்த்தாமல் கேட்டார்: "சாகலாம்னு ஏதாச்சும் நெனச்சுட்டிருக்கியா?"

அந்த வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானே எனக்குள் சொல்லிக்கொண்டதில்லை. "முடிச்சுக்கலாம்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பச்சையாகக் கேட்டதும் உடம்பெல்லாம் உதறி அழுதுவிட்டேன். அவர் தேற்றவில்லை, அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கடைக்குள் கூட்டிப்போய் வெங்காயத்தையும் கத்தியையும் முன்னால் வைத்து, "அழுவறதுதான் அழுவற, இதை உரி" என்றார். ராத்திரி கடை சாத்துகிறவரை என்னைத் தனியே விடவில்லை. நடுவில் என் போனை வாங்கி அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். அவருடைய தம்பி இப்படித்தான் ஒரு செவ்வாயோ புதனோ பாக்கியெல்லாம் அடைத்துவிட்டுப் போனான் என்பது எனக்கு மாதங்கள் கழித்துத்தான் தெரியும்.

கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்றுதான் இந்தத் துறை மருத்துவர்களும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி, பூட்டிய ரூமில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது.

*

அண்ணா, அந்த "முகம் தெளிஞ்சிருக்கு" வரியைத் தாண்ட முடியவில்லை. என் சித்தி மகள் ப்ளஸ் டூவில் ஒரு பாடத்தில் போனபோது, ராத்திரி சாப்பிடும்போது, "இனிமே என்னால உங்க யாருக்கும் தொல்லை இருக்காதுக்கா" என்றாள். "தொல்லை குடுக்காம ஒழுங்காப் படி, அது போதும்" என்றேன் நான். அவள் சொல்லிவிட்டாள், நான்தான் அதற்குப் புத்திமதி சொன்னேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும், நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று சித்தப்பா டாக்டரிடமே "தீராத வயித்து வலி" என்றார். பேப்பரில் காலம் காலமாகப் படித்த அதே வரி. எத்தனை பேருடைய கதை அந்த வயிற்றுவலிக்குள் புதைந்து கிடக்கிறதோ. நல்லவேளை, ஒரு நர்ஸ் அவளைத் தனியாக விசாரித்து உண்மையை வாங்கினார். 2017 மனநலச் சட்டமே தற்கொலைக்கு முயன்றவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவர்களாகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை. பயந்து மறைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வருடமே துணைத்தேர்வு எழுதிப் பாஸ் ஆனாள். அப்படி ஒரு தேர்வு இருப்பது அவளுக்கும் முன்பே தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி அது அவள் கண்ணில் படவில்லை, அண்ணா சொன்ன அந்த இருபது வழி மாதிரி.

*

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். சமூக சேவை வேலை. இங்கே போருக்குப் பிறகு நுண்கடன் கொம்பனிகள் வீடு வீடாக வந்தன. கிழமைக்கு கிழமை (வாரா வாரம்) காசு கட்ட வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், ஆகவே அயலட்டைக்காரியே வந்து கத்துவாள். கடன் சேர்க்கிறவர் வரும் நாளில் பிள்ளைகளோடு வீட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்த அம்மா ஒருவர் என்னிடம் கேட்டது, "தம்பி, ஒரு கிழமை எண்டாலும் ஆரும் படலையத் தட்டாம இருந்தா காணும்." சாவை அவர் கேட்கவில்லை, ஒரு கிழமை அமைதியைத்தான் கேட்டார்.

இன்னொன்று. 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள், உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. சனத்தின் கவலை பாதியாகிவிடவில்லை, போரே நடந்துகொண்டிருந்தது. அந்த உச்ச நேரம் கடக்கும்வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தது, அவ்வளவுதான். சாகத்தான் வேண்டும் என்று இருக்கிறவரை யார் தடுக்கலாம் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இங்கே இலங்கையில் யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 104 (அரசு சுகாதார உதவி எண்), இல்லாவிட்டால் 14416 (மனநல உதவி எண்) கூப்பிடலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050.

கடன் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தீர்கள். மறுநாள் அக்கா, மாமாவோடு வந்தாள் (நான் கேட்காமலேயே அடித்த அதே மாமா). காலண்டர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏண்டா, புரோநோட்டு அம்மா பேர்ல இருக்கு, நீ போனா கடன் எங்க போகும்?" என்றாள். மூன்று வாரம் உட்கார்ந்து கூட்டியவன் நான், தொழிலே கணக்கு எழுதுவது, அந்த ஒரு வரி என் கண்ணில் படவேயில்லை. மாமா பேசி வட்டியை நிறுத்தினார், அசலைத் தவணையாகக் கட்டினோம், முடிய 2014 ஆனது. நடுவில் ஒரு டாக்டரிடம் எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், தூக்கம் திரும்பியதே பாதி மருந்து.

அந்த 340 ரூபாயை டீக்கடைக்காரர் அன்று வைத்துக்கொள்ளவில்லை. கல்லாவில் போடாமல் என் சட்டைப் பையிலேயே திணித்து, "சனிக்கெழமை கொண்டாந்து குடு" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.